குளோட் மொனே

குளோட் மொனே (நவம்பர் 14, 1840 – டிசம்பர் 5, 1926) பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஓவியர் ஆவார். உணர்வுப்பதிவுவாதம் எனப்படும் ஓவிய இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். முதுமையில் தடைப்பட்டிருந்த நிலத்தோற்ற ஓவியப் பணிக்கு இவர் மீண்டும் திரும்பியதன் விளைவே புகழ்பெற்ற பெரிய அல்லிக்குள ஓவியங்களாகும்.

இளமை

பாரிசில் பிறந்த மொனே, லே ஆவர் துறைமுக நகரில் வளர்ந்தார். முதலில் கேலிச்சித்திரங்கள் வரைந்தார். இயூசேன் பூதேன் என்னும் ஓவியர் இவரைத் திறந்தவெளியில், காட்சியை நேரில் கண்டு எண்ணெய் வண்ணத்தில் தீட்டப் பழக்கினார். 1874 இல் காட்சிக்கு வைக்கப்பட்ட இவரது சூரியோதய ஓவியத்தின் தலைப்பிலிருந்தே இயக்கத்தின் பெயர் உருவானது.

சிவேர்னி

1883 இல் சிவேர்னி என்ற சிற்றூரில் குடியேறினார். 1893 இல் அங்கு நிலம் வாங்கி, ஓடை நீரைத் திருப்பி அல்லிக்குளம் அமைத்தார். ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியில் தீட்டுவது இவரது வழக்கம். ஒளி மாறும்போது ஒரு கித்தானை வைத்துவிட்டு மற்றொன்றை எடுப்பார்.

இடைவெளியும் மீட்சியும்

1911 இல் இரண்டாம் மனைவி ஆலிசு இறந்தார். 1912 இல் மொனேக்குக் கண்புரை இருப்பது கண்டறியப்பட்டது. 1914 இல் மூத்த மகன் சானும் இறந்தார். இக்காலத்தில் இவர் மிகக் குறைவாகவே தீட்டினார். நண்பரும் அரசியல்வாதியுமான சார்ச்சு கிளெமான்சோ ஊக்குவித்ததால், 1914 இல், தமது 73 ஆவது வயதில், மீண்டும் ஒழுங்காகத் தீட்டத் தொடங்கினார். குளக்கரையில் தீட்டிய பயிற்சி ஓவியங்களைக் கொண்டு, ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள கித்தான்களில் வேலை செய்தார். இதற்கென உலகப்போர்க் காலத்திலேயே பெரிய ஓவியக்கூடம் ஒன்றைக் கட்டினார்.

கண்புரை முற்றியதால் நிறங்களைப் பிரித்தறிவது கடினமானது. எனவே வண்ணக்குழாய்களின் பெயர்ச்சீட்டுகளையும், வண்ணத்தட்டில் நிறங்களை வைக்கும் மாறாத வரிசையையும் நம்பித் தீட்டினார். 1923 இல் வலக்கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அதன் பின்னர்ப் பழைய கித்தான்களுள் சிலவற்றைத் திருத்தினார், சிலவற்றை அழித்தார்.

நன்கொடை

1918 இல் போர் நிறுத்தம் ஏற்பட்டதையொட்டி, அல்லிக்குள ஓவியங்களைப் பிரான்சு நாட்டுக்கு வழங்க முன்வந்தார். 1922 இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆயினும் நிறைவடையவில்லை எனக் கருதி, இறக்கும்வரை அவற்றைக் கையளிக்கவில்லை. இவர் 86 ஆவது வயதில் சிவேர்னியில் காலமானார். 1927 மே மாதத்தில் பாரிசின் ஒராஞ்செரி அருங்காட்சியகத்தில், இரு நீள்வட்ட அறைகளில் அமைந்த 8 தொகுப்புகளாக இவை பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டன.