செல்டிக்கை விட்டுப் போக மறுத்த கோல் மன்னன்: ஜிம்மி மெக்ரோரியின் வாழ்க்கை

408 லீக் ஆட்டங்கள், 410 கோல்கள். ஆட்டத்துக்கு ஒரு கோலுக்கும் மேலான இந்தச் சராசரியை, பதினைந்து ஆண்டுகள் நீடித்த ஆட்ட வாழ்வு முழுவதும் தக்கவைத்துக் கொண்டவர் ஸ்காட்லாந்தின் ஜிம்மி மெக்ரோரி. பிரிட்டனின் முதல்நிலை லீக் போட்டிகளில் அவரைவிட அதிகக் கோல் அடித்தவர் இன்றுவரை எவருமில்லை. கோப்பைப் போட்டிகளையும் பிற முதல்தர ஆட்டங்களையும் சேர்த்தால் அவரது கணக்கு 550 என்று பதிவாகியுள்ளது. இருந்தும் தாய்நாட்டுக்காக அவர் ஆட அழைக்கப்பட்டது ஏழே முறை. அவர் உயிராக நேசித்த செல்டிக் கிளப்போ, சக வீரர்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த சம்பளத்தை அவருக்கே தெரியாமல் பல ஆண்டுகள் வழங்கி வந்தது.

மெக்ரோரி 1904 ஏப்ரல் 26 அன்று கிளாஸ்கோ நகரின் வடபகுதியான கார்ன்காட்டில் பிறந்தார். பிழைப்புத் தேடி அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தொழிலாளர் குடியிருப்பு அது. சின்ன அயர்லாந்து என்றே அதற்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. மெக்ரோரியின் பெற்றோரும் அவ்வாறு வந்தவர்களே. செல்டிக் கிளப்பின் தோற்றமும் இந்த மக்களோடு பிணைந்தது. கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் பசியால் வாடிய அயர்லாந்து ஏழைகளுக்கு உணவளிக்க நிதி திரட்டும் நோக்கில், வால்ஃபிரிட் என்ற துறவி 1887-ல் தொடங்கிய கிளப் அது. ஆகவே கார்ன்காட்டுச் சிறுவன் ஒருவனுக்குச் செல்டிக்கின் பச்சை வெள்ளைப் பட்டைச் சட்டையை அணிவது என்பது வெறும் வேலைவாய்ப்பு அல்ல. மெக்ரோரியின் பிற்கால முடிவுகளைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி தேவை.

உள்ளூர் அணியான செயின்ட் ரோக்ஸில் ஆடிக்கொண்டிருந்த இளைஞரைச் செல்டிக் கண்டுகொண்டது. 1923 ஜனவரியில் மூத்தோர் அணியில் முதன்முறையாக இறங்கினார். ஆனால் அணியில் நிலைத்த இடம் உடனே கிடைக்கவில்லை. 1923-24 பருவத்தில் கிளைடுபேங்க் அணிக்குக் கடனாக அனுப்பப்பட்டார். அங்கே 30 லீக் ஆட்டங்களில் 13 கோல்கள் அடித்தார். அவற்றுள் ஒன்று செல்டிக்கின் வலைக்குள்ளேயே விழுந்தது. திரும்ப அழைத்துக்கொள்ள அதைவிட நல்ல காரணம் வேண்டுமா என்ன!

திரும்பி வந்த முதல் பருவத்திலேயே, 1925 ஏப்ரலில், ஹாம்டன் பார்க் மைதானத்தில் டண்டீ அணிக்கு எதிரான ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம் வந்தது. பின்தங்கியிருந்த செல்டிக்கை, பந்தைக் கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டு குட்டிக்கரணம் அடித்து வலைக்குள் விழுந்த பாட்ஸி கல்லகரின் வியத்தகு கோல் சமநிலைக்குக் கொண்டுவந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், பறந்து வந்த பந்தை நோக்கி உடலைக் கிடைமட்டமாக எறிந்து தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார் மெக்ரோரி. செல்டிக் 2-1 என வென்றது. இருபது வயது இளைஞரின் பெயர் ஸ்காட்லாந்து முழுவதும் பரவிய நாள் அது.

பாய்ந்து தலையால் முட்டும் அந்தக் கலையே அவருடைய அடையாளமாயிற்று. உயரம் ஐந்தரை அடியைச் சுற்றித்தான். ஆனால் அகன்ற தோள்கள், தடித்த கழுத்து, அஞ்சாத பாய்ச்சல். அக்காலப் பந்து தடித்த தோலால் ஆனது; மழையில் நனைந்தால் கனத்துவிடும்; அதை இறுக்கிக் கட்டிய நாடா நெற்றியில் பட்டால் தோல் கிழியும். அத்தகைய பந்தை, எதிரணித் தடுப்பாளரின் காலணி உயரத்துக்குத் தாழ்ந்து சென்று முட்டுவதற்குத் திறமை மட்டும் போதாது. மனித டார்பிடோ என்று ரசிகர்கள் அவரை அழைத்தது வெறும் புகழ்ச்சியல்ல. தலையால் அவர் அடித்த சில கோல்கள் பிறர் காலால் உதைத்ததைவிட வேகமாகச் சென்றதாக அக்காலத்தவர் வியந்தனர்.

1926-ல் செல்டிக் லீக் பட்டம் வென்றது. அடுத்து வந்த பருவங்களில் மெக்ரோரி அடித்த கோல்கள் மலைபோல் குவிந்தன. 1928 ஜனவரி 14 அன்று டன்ஃபெர்ம்லைன் அத்லெடிக் அணியைச் செல்டிக் 9-0 எனத் தோற்கடித்தது. அதில் எட்டுக் கோல்கள் மெக்ரோரியுடையவை. ஸ்காட்லாந்தின் முதல்நிலை லீக்கில் ஒரே ஆட்டத்தில் ஒருவர் அடித்த அதிகபட்சம் அதுதான். அந்த 1927-28 பருவத்தில் மட்டும் அவரது லீக் கோல்கள் 47. எல்லைக்கு அப்பால் இங்கிலாந்தில் எவர்டன் அணியின் டிக்ஸி டீன் 60 கோல்கள் அடித்துச் சாதனை படைத்ததும் அதே பருவத்தில்தான் என்பதால், உலகின் பார்வை டீன் பக்கம் திரும்பியது. ஆனால் இருவரின் மொத்தக் கணக்கையும் வைத்துப் பார்த்தால், 437 லீக் ஆட்டங்களில் 379 கோல்கள் அடித்த டீனை மெக்ரோரி எண்ணிக்கையிலும் சராசரியிலும் முந்துகிறார்.

அந்தக் கோடையில்தான் அவர் வாழ்வின் பெரிய சோதனை வந்தது. லண்டனின் ஆர்சனல் அணியை இங்கிலாந்தின் முதன்மை அணியாக்கும் திட்டத்தோடு மேலாளர் ஹெர்பர்ட் சாப்மேன் பணத்தைக் கொட்டத் தயாராக இருந்தார். அவரது முன்கள வீரர் சார்லி புக்கன் அப்போதுதான் ஓய்வுபெற்றிருந்தார். செல்டிக்குக்கோ மைதானத்தில் புதிய பார்வையாளர் மாடம் கட்டப் பணம் வேண்டியிருந்தது. மெக்ரோரிக்காகப் பத்தாயிரம் பவுன் வரை கொடுக்க ஆர்சனல் முன்வந்தது. அதுவரை எந்த வீரருக்கும் எவரும் கொடுத்திராத தொகை அது. செல்டிக் நிர்வாகம் விற்க இசைந்தது. ஆனால் வீரரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செல்டிக் மேலாளர் வில்லி மேலி, பிரான்சிலுள்ள லூர்து திருத்தலத்துக்கு யாத்திரை செல்லத் தம்மோடு வருமாறு மெக்ரோரியை அழைத்தார். பக்தியுள்ள கத்தோலிக்கரான மெக்ரோரி மகிழ்ச்சியோடு கிளம்பினார். வழியில் லண்டன் ரயில் நிலையத்தில் இறங்கியபோது அங்கே காத்திருந்தவர் ஹெர்பர்ட் சாப்மேன். யாத்திரைக்கு இடையே ஒரு விற்பனைப் பேச்சுவார்த்தை ஏற்பாடாகியிருந்தது மெக்ரோரிக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் மறுத்தார். லூர்திலிருந்து திரும்பும் வழியில் சாப்மேன் மீண்டும் வந்தார். நேரடியாக மறுத்தும் விடாதவரை விலக்க, கொடுக்கவே முடியாது என்று தாம் நினைத்த ஒரு தொகையை மெக்ரோரி தமக்கெனக் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. பேச்சு அத்தோடு முறிந்தது. சில மாதங்களில் ஆர்சனல் 10,890 பவுனுக்கு போல்டன் அணியின் டேவிட் ஜாக்கை வாங்கியது. ஐந்திலக்கத் தொகைக்கு விலைபோன முதல் வீரர் என்ற பெயர் ஜாக்குக்குச் சென்றது.

அந்த ஆர்சனல் 1930-ல் எஃப்.ஏ. கோப்பையையும், 1931, 1933, 1934, 1935 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்து லீக் பட்டத்தையும் வென்றது. மெக்ரோரி கைவிட்டது இவ்வளவையும். 1926-க்குப் பிறகு அவர் அடுத்த லீக் பட்டத்தைக் காணப் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

விற்பனை கைகூடாததை நிர்வாகம் எளிதில் மறக்கவில்லை. முதல் அணி வீரர்கள் பெற்றதைவிடக் குறைவான வாரச் சம்பளமே அதன்பின் மெக்ரோரிக்கு வழங்கப்பட்டது. மைதானம் நிரம்பக் காரணமான வீரர், சட்டை மாற்றும் அறையில் தம்மருகே அமர்ந்திருந்தவர்களைவிடக் குறைவாக வாங்குவதை அறியாமலே ஆடிக்கொண்டிருந்தார். உண்மை அவருக்கு வெகுகாலம் கழித்தே தெரியவந்தது. தெரிந்த பிறகும் அந்தச் சட்டையை அணிந்ததற்காக வருந்தவில்லை என்பதே அவரது நிலைப்பாடு. அது அவருடைய பெருந்தன்மை. கிளப்பின் செயலை அது நியாயமாக்கிவிடாது.

தேசிய அணியிலும் அவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் ஒரே மனிதர்: ஹியூகி கல்லகர். ஸ்காட்லாந்துக்காக 20 ஆட்டங்கள் ஆடி இருபதுக்கும் மேற்பட்ட கோல்கள் அடித்த நுட்பமான ஆட்டக்காரர் அவர். 1928 மார்ச்சில் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 5-1 என நொறுக்கி, வெம்ப்ளி மாயாவிகள் என்று பெயர் பெற்ற அணியில் நடு முன்கள வீரராக நின்றவரும் கல்லகரே. அதற்கு ஒரு மாதம் முன்பு அயர்லாந்துக்கு எதிராக முதன்முறை தேசிய அணியில் ஆடிய மெக்ரோரி, அந்த ஆட்டத்தில் தோல்வியையே கண்டார். வெம்ப்ளி மைதானத்தில் ஸ்காட்லாந்துக்காக ஆடும் வாய்ப்பு கடைசிவரை அவருக்கு வாய்க்கவில்லை. எட்டுக் கோல் அடித்த அதே ஆண்டில் அவரை விட்டுவிட்டார்களே என்று செல்டிக் ரசிகர்கள் குமுறியது நியாயமே. ஆனால் வெம்ப்ளியில் 5-1 என்ற முடிவுக்குப் பிறகு தேர்வாளர்களிடம் யார் கேள்வி கேட்க முடியும்?

கிடைத்த ஏழு ஆட்டங்களில் அவர் ஆறு கோல்கள் அடித்தார். 1931-ல் ஹாம்டனில் இங்கிலாந்தை 2-0 என வென்றபோது ஒரு கோல் அவருடையது. 1933 ஏப்ரலில் அதே மைதானத்தில், ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க, 2-1 வெற்றியின் இரு கோல்களையும் அவரே அடித்தார். ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் விழுந்த இரண்டாவது கோலுக்கு எழுந்த ஆரவாரத்திலிருந்துதான் ஹாம்டன் கர்ஜனை என்ற சொல்லே பிறந்தது என்பார்கள். 1929-ல் அலெக் செய்ன் மூலையிலிருந்து நேராக அடித்த கோலுக்கே அப்பெருமை உரியது என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வழக்கு கிளாஸ்கோவில் இன்னும் தீரவில்லை.

முப்பதுகள் செல்டிக்குக்கு இன்பமும் துயரமும் கலந்த காலம். 1931-ல் மதர்வெல் அணியை மறு ஆட்டத்தில் 4-2 என வீழ்த்திக் கோப்பை வென்றபோது மெக்ரோரி இரு கோல்கள் அடித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று ரேஞ்சர்ஸ் அணியுடனான ஆட்டத்தில், முன்கள வீரர் ஒருவரின் காலடியில் பாய்ந்த இளம் கோல்கீப்பர் ஜான் தாம்சன் தலையில் அடிபட்டு அன்றிரவே உயிரிழந்தார். அவருக்கு வயது 22. 1933-ல் மீண்டும் மதர்வெல்லுக்கு எதிரான இறுதியில், ஆட்டத்தின் ஒரே கோலை அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தவர் மெக்ரோரி.

முப்பது வயதைக் கடந்தவர் தளர்வார் என்று எண்ணியவர்களுக்கு 1935-36 பருவம் பதிலளித்தது. 32 லீக் ஆட்டங்களில் 50 கோல்கள்! மதர்வெல்லுக்கு எதிராக மூன்று நிமிடங்களுக்குள் அடித்த ஹாட்ரிக்கும் அவற்றில் அடங்கும். பத்து ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டம் செல்டிக்குக்குத் திரும்பியது. அந்த 1936-ல்தான் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் வீரர் முகமது சலீம் செல்டிக் வந்து, காலணி அணியாமல் பாதங்களில் துணிக்கட்டோடு அதன் இரண்டாம் அணிக்காக ஆடி கிளாஸ்கோவை வியக்க வைத்தார். ஊர் நினைவு வாட்ட, சலீம் விரைவில் இந்தியா திரும்பினார். அவர் கண்ட செல்டிக், மெக்ரோரி உச்சத்தில் இருந்த செல்டிக்.

1937-ல் அபர்டீன் அணிக்கு எதிரான கோப்பை இறுதியை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் திரண்டு பார்த்தனர். ஐரோப்பாவின் கிளப் ஆட்டம் எதற்கும் அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. செல்டிக் 2-1 என வென்றது. அவ்வாண்டு இறுதியில் மெக்ரோரி ஆட்டத்தை நிறுத்தி, கில்மார்னாக் அணியின் மேலாளராகப் பொறுப்பேற்றார். சில மாதங்களிலேயே அந்த எளிய அணி செல்டிக்கை அதன் சொந்த மைதானத்தில் கோப்பைப் போட்டியிலிருந்து வெளியேற்றி, இறுதி ஆட்டம் வரை சென்றது. வில்லி மேலிக்கு அது கசந்ததில் வியப்பில்லை.

1945-ல் செல்டிக் அவரை மேலாளராக அழைத்தது. இருபது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். ஆனால் கோல் அடிப்பதில் இருந்த துணிவு நிர்வாகத்தில் அவருக்கு இல்லை. கிளப்பின் தலைவர் ராபர்ட் கெல்லியே அணித் தேர்வில் பெரும்பாலும் முடிவு செய்தார். மென்மையான, பைப் புகைக்கும் மேலாளர் எதிர்த்துப் பேசவில்லை. 1948-ல் செல்டிக் கீழ்நிலைக்குத் தள்ளப்படும் அபாயத்தில் இருந்து, கடைசி ஆட்டத்தில் டண்டீயை 3-2 என வென்று தப்பியது. வெற்றிகளும் இருந்தன: 1951 கோப்பை, 1953 முடிசூட்டு விழாக் கோப்பை, 1954-ல் லீக்கும் கோப்பையும் ஒருசேர, 1957-ல் லீக் கோப்பை இறுதியில் ரேஞ்சர்ஸை 7-1 என வீழ்த்தியது. இருபது ஆண்டுகளுக்கு இவை போதாதவை என்பதை மறுப்பதற்கில்லை.

1951-ல் வேல்ஸின் சிறு அணி ஒன்றிலிருந்து தாம் மேலாளராக இருந்தபோது வந்து சேர்ந்த ஜாக் ஸ்டீனிடமே 1965-ல் அவர் பொறுப்பை ஒப்படைத்தார். மெக்ரோரிக்கு மக்கள் தொடர்பு அதிகாரி பதவி தரப்பட்டது. 1967 மே 25 அன்று லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என வென்று, ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றிய முதல் பிரிட்டிஷ் அணியாகச் செல்டிக் உயர்ந்தது. புகழ் ஸ்டீனுக்குச் சேர்ந்தது, அது தகும். ஆனால் பில்லி மெக்நீல், ஜிம்மி ஜான்ஸ்டன், பாபி முர்டாக் உள்ளிட்ட அன்றைய வீரர்களில் பலர் மெக்ரோரியின் காலத்தில் கிளப்புக்குள் வந்தவர்கள்.

1975-ல் தம் வாழ்க்கைக் கதையை வெளியிட்டார். ரசிகர்கள் செல்டிக் மைதானத்துக்கு வைத்த செல்லப்பெயர் சொர்க்கம். சொர்க்கத்தில் ஒரு வாழ்நாள் என்ற பொருளில் தம் நூலுக்கு அவர் தலைப்பிட்டார். 1982 அக்டோபர் 20 அன்று கிளாஸ்கோவில் தமது 78-வது வயதில் மெக்ரோரி காலமானார். 410 கோல்களில் 397 செல்டிக்குக்காகவும், எஞ்சிய 13 அவரைக் கடனாகப் பெற்ற கிளைடுபேங்க்குக்காகவும் அடிக்கப்பட்டவை.