கணக்குக் குளிசையைக் கண்ட வைத்தியர்: சார்ள்ஸ் பிராட்லியும் முப்பது பிள்ளைகளும்

பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் குறைபாடு இருக்கிறது என்று வைத்தியர் சொன்னதும், பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது குளிசையைப் பற்றித்தான். கொடுக்கலாமா? கொடுத்தால் பிள்ளை மயங்கிக் கிடக்குமா? எவ்வளவு காலம் கொடுப்பது? வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடாதா?

இந்தக் கேள்விகளின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க வைத்தியர் நிற்கிறார். பெயர் சார்ள்ஸ் பிராட்லி. 1902இல் பிறந்து 1979இல் மறைந்தவர். உளமருத்துவம் படிக்கும் மாணவர்கள் பலருக்கு அவருடைய பெயர் தெரிந்திருக்கலாம். பிள்ளைக்கு அந்தக் குளிசையைத் தினமும் கொடுக்கும் பெற்றோரில் மிகச் சிலருக்கே தெரியும். அவர் கவனக்குறைவுக்கு மருந்து தேடிப் போனவர் அல்ல. தலையிடிக்கு மருந்து தேடினார்.

எம்மாவின் வீடு

கதை இன்னொரு பிள்ளையிடம் தொடங்குகிறது. 1879இல் பிறந்த எம்மா பென்டில்டன் பிராட்லி, ஜோர்ஜ் பிராட்லி என்ற செல்வந்தரின் ஒரே மகள். தொலைபேசி உலகுக்கு அறிமுகமான காலத்தில் அந்தத் தொழிலில் முதலிட்டுப் பணம் சேர்த்தவர் ஜோர்ஜ். எம்மாவுக்கு ஏழு வயதானபோது மூளைக்காய்ச்சல் கண்டது. உயிர் தப்பினாள். ஆனால் வலிப்பும் உடல், மன வளர்ச்சிக் குறைபாடுகளும் அவளை விட்டு நீங்கவில்லை.

தாயும் தகப்பனும் கையில் காசோடு வைத்தியம் தேடி அலைந்தார்கள். அப்படியான பிள்ளைகளுக்கென்று ஒரு வைத்தியசாலை அன்று அமெரிக்காவில் எங்கும் இருக்கவில்லை. தங்களுக்குக் கிடைக்காதது மற்றப் பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும் என்று தங்கள் சொத்தை உயிலில் எழுதிவைத்தார்கள். ஜோர்ஜ் 1906இலும் எம்மா 1907இலும் இறந்துபோனார்கள். அந்த உயிலின்படி றோட் ஐலண்ட் மாநிலத்தின் கிழக்கு பிராவிடன்சில் எம்மா பென்டில்டன் பிராட்லி இல்லம் திறக்கப்பட்டது 1931இல். பிள்ளைகளின் நரம்பு, மனநலப் பாதிப்புகளுக்கென்றே அமெரிக்காவில் அமைந்த முதல் வைத்தியசாலை அது.

ஜோர்ஜுக்குப் பேரன் முறையானவர் சார்ள்ஸ். ஹார்வர்டில் மருத்துவம் படித்துக் குழந்தை வைத்தியத்தில் பயிற்சி பெற்ற அவர், 1930களின் முற்பகுதியில் இல்லத்தின் மருத்துவப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு முப்பது வயது அளவில்தான். பிள்ளைகள் மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். பாடசாலையும் இல்லத்துக்குள்ளேயே இருந்தது. ஆசிரியர்களும் தாதியரும் காலை முதல் இரவு வரை அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஏற்பாடுதான் காரணமானது.

தலையிடிக்கு எடுத்த குளிசை

மூளையைப் படம் பிடிக்க இன்று ஸ்கேன் இருக்கிறது. 1930களில் அதற்கு ஒரு கொடுமையான வழிதான் இருந்தது. முதுகில் ஊசி குத்தி, மூளையைச் சுற்றியுள்ள நீரை வடித்து, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். இதற்குப் பிறகு பிள்ளைகள் கடும் தலையிடியால் துடித்தார்கள். பெரியவர்களே தாங்க முடியாத பரிசோதனை அது. இன்று ஒரு பிள்ளைக்கு அதைச் செய்ய யாரும் இணங்கமாட்டார்கள்.

வடித்த நீர் மீண்டும் விரைவாகச் சுரந்தால் தலையிடி தணியும் என்று பிராட்லி நினைத்தார். அதைத் தூண்டக்கூடும் என்ற எண்ணத்தில் பென்செட்ரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அது அம்ஃபெற்றமின் வகை ஊக்கமருந்து. பெரியவர்கள் நித்திரையையும் களைப்பையும் விரட்ட அதை எடுத்துவந்தார்கள்.

தலையிடி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் இல்லத்தின் ஆசிரியர்கள் வேறொன்றைக் கண்டார்கள். ஓரிடத்தில் இருக்காத பிள்ளைகள் இருந்தார்கள். பாடத்தில் மனம் செலுத்தினார்கள், தொடங்கிய வேலையை முடித்தார்கள். மாற்றம் கணக்குப் பாடத்தில் மிகத் தெளிவாகத் தெரிந்ததால், பிள்ளைகளே அதற்குக் கணக்குக் குளிசை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தான் தேடாத ஒன்று கண்ணில் பட்டபோது பிராட்லி அதை ஒதுக்கிவிடவில்லை. சாதாரண அறிவாற்றல் கொண்ட, 5 முதல் 14 வயது வரையான 30 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். 21 ஆண்பிள்ளைகள், 9 பெண்பிள்ளைகள். ஒரு வாரம் மருந்தில்லாமல் அவதானித்தார். அடுத்த வாரம் தினமும் காலையில் மருந்து. மூன்றாவது வாரம் மருந்தை நிறுத்தி மீண்டும் அவதானித்தார். பெரும்பாலானோருக்கு 20 மில்லிகிராம் பொருந்தியது. சிலருக்கு 10 போதுமாக இருந்தது, சிலருக்கு 30 தேவைப்பட்டது.

முடிவு 1937 நவம்பரில் அமெரிக்க உளமருத்துவச் சஞ்சிகையில் வெளியானது. முப்பது பேரில் 14 பேர் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டினார்கள். மருந்து கொடுத்த அன்றே மாற்றம் தெரிந்தது, நிறுத்திய அன்றே மறைந்தது. ஊக்கமருந்து ஒன்று துடிப்பான பிள்ளையை எப்படி அமைதிப்படுத்தும் என்பது அவருக்கே புதிராக இருந்தது. தன்னடக்கத்துக்குப் பொறுப்பான மூளைப்பகுதியை அது தூண்டிவிடுகிறது போலும் என்று ஊகித்தார். இன்றைய விளக்கம் அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

எச்சரித்தவரும் அவரே

பிராட்லியின் ஆய்வில் குறைகள் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்கப் போலிக் குளிசை பெற்ற ஒரு குழு இருக்கவில்லை. அந்த முப்பது பேரின் பிரச்சினையும் ஒன்றல்ல, ஏடிஎச்டி என்ற பெயரே அப்போது இல்லை. சரிபாதிக்கும் சற்றுக் குறைவானவர்களே படிப்பில் அப்படி முன்னேறினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. சிலருக்கு நித்திரை கெட்டது, ஒரு சிலரின் நடத்தை முன்பைவிட மோசமானது. அவர் எதையும் மறைக்கவில்லை.

பிள்ளை அடங்கிவிட்டது என்பதற்காகக் கண்மூடித்தனமாக மருந்தைக் கொடுத்தால், அதன் நடத்தைக்குப் பின்னால் இருக்கும் உண்மையான காரணம் மூடுண்டுபோகலாம் என்று அதே கட்டுரையில் அவர் எச்சரித்தார். வீட்டுச் சூழலும் பாடசாலைச் சூழலும் சீராகாமல் குளிசை மட்டும் போதாது என்பதே அவருடைய நிலைப்பாடு.

1941இல் சிறுவயது மனச்சிதைவு பற்றி ஒரு நூல் எழுதினார். 1948இல் இல்லத்தை விட்டு ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டுக்குப் போனார். 1950இல், பல ஆண்டுகளாகத் தான் மருந்து கொடுத்துவந்த 350க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி மீண்டும் எழுதினார். பாதிக்கு மேற்பட்டோர் பயனடைந்திருந்தார்கள். மற்றவர்களுக்குப் பயன் இல்லை, அல்லது ஒத்துவரவில்லை.

ஆனாலும் கால் நூற்றாண்டு காலம் அவருடைய கண்டுபிடிப்பைப் பெரிதாக யாரும் தொடரவில்லை. பிள்ளையின் குழப்பத்துக்கு வளர்ப்பிலும் ஆழ்மனதிலும் மட்டுமே காரணம் தேடிய காலம் அது. 1944இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியான்ட்ரோ பனிசோன் மெதில்ஃபெனிடேற் என்ற மருந்தை உருவாக்கினார். மனைவியின் செல்லப்பெயரான ரீட்டாவை வைத்து அதற்கு ரிட்டலின் என்று பெயரிடப்பட்டது. 1957இல் பிராட்லி இல்லத்தில் அவருக்குப் பின் வந்த மொரிஸ் லோஃபர், சகாக்களுடன் சேர்ந்து மிகைத் துடிப்பை ஒரு தனிக் குறைபாடாக விவரித்தார். கவனக்குறைவு என்ற பெயர் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் ஏறியது 1980இல். பிராட்லி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

இன்றைய பெற்றோருக்கு

1999இல் அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதங்கள் தொடர்ந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு வெளியானது. கவனக்குறைவையும் துடிப்பையும் குறைப்பதில், மருந்தை அளவு பார்த்துக் கொடுத்து மாதந்தோறும் கண்காணித்த சிகிச்சை, வழமையாக வெளியில் கிடைத்த சிகிச்சையைவிட முன்னே நின்றது. இத்தனைக்கும் வெளியில் சிகிச்சை பெற்றவர்களிலும் பெரும்பாலானோர் மருந்து எடுத்தவர்கள்தான். அளவு பார்ப்பதும் தொடர்ந்து கண்காணிப்பதுமே பெரும் வேறுபாடு. அந்த ஆய்வுக்காலம் முடிந்து பிள்ளைகள் வளர வளர இந்த வித்தியாசம் மங்கியது. ஒருமுறை எழுதிக் கொடுத்த மருந்து என்றைக்கும் அப்படியே பொருந்தும் என்று இருக்க முடியாது என்பதை இதுவும் உணர்த்துகிறது.

பருவ வயதை நெருங்கும் பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். நிறை கூடுகிறது, நித்திரை நேரம் மாறுகிறது, மருந்து பசியைக் குறைத்தால் வளர்ச்சியும் சற்று மந்தமாகலாம். அதனால்தான் உயரம், நிறை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றை ஒழுங்காக அளக்கும்படி மருத்துவ வழிகாட்டல்கள் சொல்கின்றன. ஒரு மருந்து ஒத்துவராவிட்டால் இன்னொன்று ஒத்துவரலாம். சில காலத்துக்கு ஒருமுறை, வைத்தியரின் மேற்பார்வையில் நிறுத்திப் பார்த்து இன்னும் தேவையா என்று அறியலாம். பிராட்லியின் மூன்றாவது வாரம் அதைத்தான் செய்தது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. தரம் ஐந்து வரை பிள்ளையை நாள் முழுவதும் பார்ப்பவர் ஒரே வகுப்பாசிரியர். தரம் ஆறுக்குப் போனதும் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். பிள்ளைக்குக் கவனம் அதிகம் தேவைப்படும் அதே வயதில், பிள்ளையை முழுதாக அவதானிக்கும் கண் இல்லாமல் போகிறது. பிராட்லி இல்லத்தில் மாற்றத்தை முதலில் கண்டவர்கள் ஆசிரியர்கள்.

ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பிள்ளை எத்தனை மணிக்கு நித்திரைக்குப் போகிறது, மதியம் எவ்வளவு சாப்பிடுகிறது, எந்தப் பாடவேளையில் குழம்புகிறது என்று இரண்டு வாரம் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போங்கள். இரண்டு மூன்று பாட ஆசிரியர்களிடமும் கேட்டு எழுதுங்கள். கடைசியாக, குளிசை எடுத்த நாளில் தனக்கு எப்படி இருக்கிறது என்று பிள்ளையிடமே கேளுங்கள். கணக்குக் குளிசை என்று பெயர் வைத்த பிள்ளைகளைப் போல, உங்கள் பிள்ளைக்கும் அதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும்.