வேதக்காரரின் நூலும் நல்லூர் ஆறுமுகமும்

யாழ்ப்பாணத்தில் வயதானவர்கள் கிறிஸ்தவர்களை இன்றும் வேதக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர்களுடைய கோயில் வேதக்கோயில். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சியில் புரட்டஸ்தாந்து வேதக்கோயில் ஒன்றின் மண்டபத்தில் எங்கள் குடும்பமும் சில வாரங்கள் தங்கியிருந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. மாலையில் பாதிரியார் செபம் சொல்லும்போது திருநீற்று நெற்றியோடு அம்மம்மா தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். தேவன், சந்நிதி, பலி, ஆராதனை எல்லாம் எங்கட சொல்லாய்த்தானே கிடக்குது என்று ஒருநாள் அவர் அதிசயப்பட்டது நினைவிருக்கிறது.

அந்தச் சொற்கள் அங்கே எப்படிப் போயின என்று தேடப்போனால் வழி சுற்றிவந்து நல்லூரிலேயே நிற்கிறது. அங்கே நிற்பவர், எங்கள் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்கிய ஆறுமுக நாவலர்.

1822 டிசம்பர் 18 அன்று நல்லூரில் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமிக்கும் மகனாகப் பிறந்தவர் ஆறுமுகம். தகப்பனை இழந்தபோது வயது ஒன்பது. சேனாதிராச முதலியாரிடமும் சரவணமுத்துப் புலவரிடமும் தமிழ் கற்றார். ஆங்கிலத்துக்காக யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிசன் பாடசாலைக்குப் போனார். பிற்காலத்தில் மத்திய கல்லூரியானது அதுதான். அதை நடத்தியவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார். 1826இல் இலங்கைக்கு வந்து, தமிழை ஆழமாகக் கற்ற ஆங்கிலேயர். பையனின் தமிழைக் கண்டுகொண்ட பேர்சிவல், இருபது வயதுக்கு முன்பே அவரைத் தன் பாடசாலையில் ஆசிரியராக்கினார். தனக்குத் தமிழ்ப் பண்டிதராகவும் வைத்துக்கொண்டார்.

பண்டிதருக்கு இருந்த பெரிய வேலை வேதாகமத்தைப் புதிதாகத் தமிழில் பெயர்ப்பது.

தமிழில் அதற்கு முன் வேதாகமம் இல்லாமல் இல்லை. தரங்கம்பாடியில் 1714–15இல் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை அச்சிட்டிருந்தார். பிறகு பப்ரீசியசின் மொழிபெயர்ப்பு வந்தது. ஆனால் அடிப்படையான ஒரு சொல்லிலேயே அவர்கள் ஒத்துப்போகவில்லை. கத்தோலிக்கர் வழங்கிய சர்வேசுரன் என்ற பெயரைச் சீகன்பால்க் எடுத்துக்கொண்டார். பப்ரீசியஸ் பராபரன் என்றார். பேர்சிவலின் பதிப்பு தேவன் என்றது.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பழைய வீடு இருந்தது. சர்வேசுரன் என்றால் ஈசுவரன் நினைவுக்கு வருவார். தேவன் என்ற சொல்லில் இருந்து தேவகுமாரன், தேவதூதன் என்று கூட்டுச்சொற்கள் இலகுவாக வரும். ஆனால் சைவக்காரர் காதில் அது பலருள் ஒருவர். தேவர்கள் சிவனுக்குக் கீழே இருப்பவர்கள், அமுதத்துக்கு அடிபட்டவர்கள். ஒரே கடவுளைச் சொல்ல வந்த நூல், அவரது பெயரை எழுதும்போதே சைவப் புராணக் கதைகளுக்குள் காலை வைக்க வேண்டியிருந்தது. வேதாகமம் என்ற பெயரையே பாருங்கள். வேதமும் ஆகமமும் சைவர்கள் தங்களுக்குப் பிரமாணம் என்று சொல்லும் இரண்டு நூல்வகைகள்.

பழைய ஏற்பாட்டுக்கு வந்தபோது நிலைமை இன்னும் சுவாரசியமானது. மோசேயின் நூல்களில் பக்கம் பக்கமாக வழிபாட்டு விதிகள் வருகின்றன. ஆலயம், ஆசாரியர், பலி, தூபம், விளக்கு, அபிஷேக தைலம், சுத்தம், தீட்டு. ஆங்கிலத்தில் வாசிக்கும் மெதடிஸ்தருக்கு அது கடந்துபோன யூதர் காலத்துச் சங்கதி. கிறிஸ்துவோடு அந்த நிழல் விலகிவிட்டது என்று அவர் தாண்டிப் போய்விடுவார். அதையே தமிழில் எழுதக் கையில் இருந்தவையோ கோயில் சொற்கள். நல்லூரில் வளர்ந்த இளைஞருக்கு அவை தெருமுனையில் அன்றாடம் நடக்கும் காரியங்கள். கந்தசுவாமி கோயிலில் நடப்பதை அஞ்ஞானம் என்று காலையில் பிரசங்கம் செய்யும் மிசன், மாலையில் அதே சொற்களால் தன் கடவுளின் கட்டளைகளை எழுதச் சொல்கிறது. அந்த மேசையில் 1840களின் பெரும்பகுதி ஆறுமுகம் இருந்தார்.

வேலை முடிந்ததும் சென்னபட்டணத்தில் ஒப்புதல் தேவைப்பட்டது. பேர்சிவலும் ஆறுமுகமும் அங்கு போனதாகவும், மழவை மகாலிங்கையர் பார்த்து அந்தத் தமிழை மெச்சியதாகவும் நாவலரின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பதிப்பு 1850இல் சென்னையில் அச்சானது. பண்டிதர் மெச்சியதைச் சபையார் மெச்சவில்லை. சென்னையிலும் திருநெல்வேலியிலும் இருந்த புரட்டஸ்தாந்தருக்குப் பப்ரீசியசின் சொற்கள் நாவில் பழகியிருந்தன. புதியதில் வடமொழி கூடிவிட்டது, பழகிய வசனங்கள் மாறிவிட்டன என்றார்கள். செபத்தில் பழகிய சொல்லை மாற்றினால் கடவுளையே மாற்றியது போல இருக்கும் என்பதைப் பண்டிதர்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. பிறகு ஹென்றி பவர் தலைமையில் வேறொரு குழு உட்கார்ந்து, 1871இல் முழு வேதாகமத்தை வெளியிட்டது.

அதற்கு முன்பே ஆறுமுகம் மேசையை விட்டு எழுந்துவிட்டார். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் அவர் தமது முதற் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். பிறகு அது வெள்ளிக்கிழமை வழக்கமானது. 1848இல் அதே ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மிசன் வேலையையும் விட்டார். 1849இல் அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் போனபோது திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் கொடுத்தது. பிரசங்கம், பாடசாலை, அச்சகம் மூன்றும் மிசனின் கருவிகள். அவற்றை எப்படிப் பிடிப்பது என்று அவர் உள்ளே இருந்தே பார்த்திருந்தார்.

1854இல் சைவதூஷண பரிகாரம் வந்தது. என்னைப் பொறுத்தவரை, அவரது மொழிபெயர்ப்பு வேலையின் உண்மையான விளைச்சல் அந்த நூல்தான். சைவத்தைத் தூஷித்தவர்களுக்கு அவர் புராணத்தை எடுத்துப் பதில் சொல்லி நிறுத்தவில்லை. வேதாகமத்தையே திறந்தார். உங்கள் கடவுளும் ஆலயம் கட்டச் சொன்னார், தூபம் காட்டச் சொன்னார், விளக்கேற்றச் சொன்னார், தீட்டுக்கும் சுத்திக்கும் விதி வகுத்தார். அங்கே தெய்வக் கட்டளையாக இருப்பது இங்கே மட்டும் எப்படி அஞ்ஞானமாகும் என்பதே நூல் முழுக்க ஓடும் கேள்வி. நிழலும் நிறைவேற்றமும் என்ற புரட்டஸ்தாந்து விளக்கம் அவருக்குத் தெரியாததல்ல. அவர் அதை ஏற்கவில்லை. நூலில் இருந்த வேதாகமத் தேர்ச்சியைக் கண்டு மிசன்காரரே வியந்தார்கள்.

மிசனிடமிருந்து இன்னும் ஒன்று அவரோடு வந்தது: எல்லாருக்கும் விளங்கும் வசனநடை. வேதத்தைச் சாதாரண ஆள் தானே வாசிக்க வேண்டும் என்பது புரட்டஸ்தாந்தரின் பிடிவாதம். நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டார். பாலபாடம் எழுதினார். கிறிஸ்தவர்கள் வினாவிடையால் மதம் கற்பித்தது போலச் சைவ வினாவிடை செய்தார். தமிழ் வசனத்தில் நிறுத்தக்குறிகள் நிலைத்ததிலும் அவருக்குப் பெரிய பங்குண்டு. நாங்கள் சைவசமய பாடத்தில் பாடமாக்கிய கேள்வி பதில்களின் அச்சு எங்கிருந்து வந்தது என்று எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

அவரைச் சுவரில் மாட்டி வைத்தால் மட்டும் போதாது. அவர் காத்த சைவம் சாதி ஒழுங்கை அப்படியே ஏற்றுக்கொண்ட சைவம். ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு அதில் சமமான இடம் இருக்கவில்லை. மிசன் பாடசாலைகளின் படலை தயங்கித் தயங்கியேனும் அவர்களுக்குத் திறந்ததை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் பேச முடியாது. இன்னொரு சங்கடமும் உண்டு. 2019 சிவராத்திரி நேரத்தில் மன்னாரில் திருக்கேதீச்சர வீதி வளைவு பிடுங்கப்பட்ட பிறகு, முகநூலில் நாவலரின் பெயரை வேதக்காரருக்கு எதிரான தடியாகச் சிலர் தூக்கியதைப் பார்த்தேன். அவர் வேதக்காரரோடு கடுமையாக வாதாடியவர்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவர்களுடைய நூலை வரிவரியாகப் படித்துவிட்டு வாதாடியவர். தடி தூக்கியவர்களில் எத்தனை பேர் அப்படிப் படித்திருப்பார்கள்?

கடைசி ஆண்டுகளில் அவரைச் சமயச் சண்டைக்கு வெளியேயும் காணலாம். 1876–77இல் பஞ்சமும் கொள்ளைநோயும் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். 1879 மே மாதம் சட்டசபைக்குப் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்துக் கூட்டம் கூட்டினார். அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று, 57 வயது நிறைய 13 நாட்கள் இருக்கையில் காலமானார். பேர்சிவல் அதற்குப் பல வருடம் முன்பே வெஸ்லியன் மிசனை விட்டுச் சென்னைக்குப் போய்விட்டிருந்தார். அங்கே கல்லூரியில் கற்பித்தார். 6,000க்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874இல் நூலாக்கினார். 1882இல் அவரும் இறந்தார்.

இருவரும் சேர்ந்து உழைத்த 1850ஆம் ஆண்டு வேதாகமத்தை இன்று எந்த வேதக்கோயிலிலும் வாசிப்பதில்லை. அது எடுத்துக்கொண்ட தேவன் என்ற சொல் 1871 பதிப்பிலும் இருந்தது. அந்த வேதாகமத்தோடு ஊர் ஊராகப் போய், தென்மராட்சி மண்டபத்தில் அம்மம்மாவின் காதிலும் விழுந்தது.