அற்றுப்போன யானை

18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை, உலகில் தோன்றிய எந்த உயிரினமும் அடியோடு அழிந்துவிடாது என்றே ஐரோப்பிய அறிஞர் பலர் நம்பியிருந்தனர். சைபீரியாவின் பனிநிலத்தில் யானை எலும்புகள் கிடைத்தபோது, தெற்கிலிருந்து அவற்றை வெள்ளம் அடித்து வந்திருக்கும் என்றனர் சிலர். முற்காலத்தில் அங்கு வெப்பம் மிகுந்திருந்தது என்றனர் வேறு சிலர். அந்த யானையினமே இன்று எங்கும் இல்லை என்பதை எலும்புகளைக் கொண்டு நிறுவியவர் ஜார்ஜ் குவியே.

அவர் 1769ஆம் ஆண்டு மொம்பெலியார் நகரில் பிறந்தார். ஸ்டுட்கார்ட்டில் கல்வி முடித்து, நார்மண்டியில் செல்வர் ஒருவரின் இல்லத்தில் ஆசிரியராக இருந்தார். ஓய்வு வேளைகளில் கடலோரத்து மீன்களையும் நத்தைகளையும் அறுத்து ஆராய்ந்தார். அந்தப் பயிற்சியே 1795இல் அவரைப் பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசேர்த்தது.

அதே ஆண்டில் பிரெஞ்சுப் படைகள் நெதர்லாந்தை வென்று, அந்நாட்டு ஆட்சித்தலைவரின் சேகரிப்புகளைப் பாரிசுக்கு அள்ளி வந்தன. இலங்கையிலிருந்தும் நன்னம்பிக்கை முனையிலிருந்தும் வந்த யானை மண்டையோடுகள் அவற்றுள் இருந்தன. போர்க்கொள்ளை அறிவியலுக்குப் பயன்பட்டது விந்தையே. குவியே கடைவாய்ப் பற்களை ஒப்பிட்டார். இலங்கை யானையின் பல்லில் மெல்லிய வரிமேடுகள் நெருக்கமாக ஓடின. ஆப்பிரிக்க யானையின் பல்லில் அவை சாய்சதுர வடிவில் இருந்தன. இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பது தெளிவாயிற்று. சைபீரிய மாமூத்தின் தாடையோ இவ்விரண்டோடும் பொருந்தவில்லை. வேறோர் இனமாயின் அது குளிரில் வாழ்வதற்கு ஏற்றதாகவும் இருந்திருக்கலாம். வெள்ளத்தைத் துணைக்கழைக்க வேண்டியதில்லை. 1796இல் அவர் இம்முடிவை அறிஞர் அவையில் வெளியிட்டார்.

பாரிசை ஒட்டிய மொன்மார்த்ர் குன்றின் ஜிப்சம் சுரங்கங்கள் அவருக்கு மற்றொரு களமாயின. 1804இல் அங்கிருந்து வந்த கல் ஒன்றில் சிறு விலங்கின் எலும்புக்கூடு பதிந்திருந்தது. தாடையையும் பற்களையும் கண்ட குவியே, அது வயிற்றில் பையுடைய பாலூட்டி என்றும், இடுப்பின் முன்புறம் அவ்வகை விலங்குகளில் காணப்படும் இரு சிற்றெலும்புகள் இருக்கும் என்றும் முன்கூட்டியே கூறினார். பிறகு சாட்சிகளின் முன்னிலையில் ஊசியால் கல்லைச் சுரண்டினார். அவ்வெலும்புகள் அங்கே இருந்தன! அமெரிக்காவில் வாழும் ஒப்போசம் என்னும் விலங்கின் உறவினம் ஒருகாலத்தில் பாரிசிலும் திரிந்தது. பின்னர் பிரோனியார் என்பவருடன் சேர்ந்து அப்பகுதியின் மண்ணடுக்குகளை ஆராய்ந்தார். கடற்சிப்பிகளும் நன்னீர்ச் சிப்பிகளும் மாறிமாறிக் கிடந்தன. ஒரே நிலம் கடலாகவும் ஏரியாகவும் இருந்ததை அவை காட்டின.

குவியே பிழைகளுக்கு அப்பாற்பட்டவர் அல்லர். எகிப்தில் பதப்படுத்தப்பட்ட அரிவாள்மூக்கன் பறவையும் இன்றைய பறவையும் ஒன்றுபோலிருப்பதைக் காட்டி, உயிரினங்கள் காலப்போக்கில் மாறுவதில்லை என வாதிட்டார். சில ஆயிரம் ஆண்டுகள் அதற்குப் போதா என்பதை அவர் ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்கப் பெண்மணி சாரா பார்ட்மன் இறந்தபின் அவருடைய உடலை அறுத்து ஆராய்ந்து, எலும்புகளை அருங்காட்சியகத்திற்கு உரியதாக்கியது மன்னிக்க இயலாத செயல். அவை 2002இல்தான் தாயகம் திரும்பின.

குவியே 1832இல் மறைந்தார். 1844இல் ஐஸ்லாந்தை அடுத்த எல்டே தீவில், பறக்க இயலாத பெரிய ஆக் பறவைகளின் கடைசி இணையை வேட்டைக்காரர்கள் கொன்றனர். 1858இல் ஆல்பிரட் நியூட்டன் என்னும் ஆங்கிலேய விலங்கியலாளர் நண்பருடன் அப்பறவையைத் தேடி ஐஸ்லாந்துக்குச் சென்றார். பறவையைக் காணவில்லை, அதைக் கொன்றவர்களின் வாக்குமூலங்களும் எலும்புகளுமே கிடைத்தன. குவியே ஆராய்ந்த விலங்குகள் எக்காலத்திலோ மறைந்தவை. இப்பறவையோ மனிதரின் கண்முன்னே அற்றுப்போயிருந்தது. கடற்பறவைகளைக் காக்கச் சட்டம் வேண்டுமென நியூட்டன் வற்புறுத்தினார். 1869இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதனை நிறைவேற்றியது.