துறைமுக எழுத்தரும் நிகழ்தகவும்

வட சென்னைக் கல்லூரி ஒன்றில் பொருளியல் மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் புள்ளியியல் தாள் நடத்தியவன் நான். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலை ஒட்டிய பகுதிகளிலிருந்து வந்த பிள்ளைகள். சராசரி, திட்ட விலக்கம் வரை துணிவாக வருபவர்கள், நிகழ்தகவு என்ற அலகு தொடங்கியதும் சோர்ந்துவிடுவார்கள். அந்த ஒரு தாளில் நிலுவை வைத்து, அதனாலேயே பட்டம் பெறாமல் வேலைக்குப் போய்விட்டவர்களும் உண்டு. பாடநூலின் பகடையும் சீட்டுக்கட்டும் அவர்களிடம் எடுபடவில்லை. ஆகவே நான் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களை எடுத்துக்கொள்வேன். கப்பல்களைப் பற்றிப் பேசும்போது, அதே துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்த ஒருவரைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது.

சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தை துணிக்கடைக் கணக்கர். பள்ளியில் பரிசுகள் பெற்ற அந்தப் பிள்ளை, கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களைக் கைவிட்டு, கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேற முடியவில்லை. அன்றைய முறையில் ஒரு பாடத்தில் சரிந்தால் முழுத் தேர்வும் போயிற்று. பட்டமில்லை, வேலையில்லை, 1909-இல் திருமணமும் ஆகிவிட்டது. கணித நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் ஏறிய படிகள் பல. திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயரும், நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவும் அவர் பேச்சுக்குச் செவிகொடுத்தவர்கள். ராவ் தம் கைப்பணத்திலிருந்து சில காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார்.

1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ராமானுஜன் சேர்ந்தார். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், பொறியாளர். துறைமுகத்தின் கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் புதிய வாயில் அமைத்தவர். தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர், கணிதம் கற்றவர். பகலில் அலுவலகக் கணக்கு, இரவில் ஐயருடன் சிலேட்டுப் பலகையில் கணிதம். காகிதம் வாங்க வசதியில்லாத நாள்களில் சரக்குப் பொதி சுற்றிய தாள்களையும் அவர் தேடி எடுத்ததாகச் சொல்வார்கள். ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் தாயோடும் மனைவி ஜானகியோடும் குடியிருந்து, துறைமுகத்துக்கு நடந்து போய்வந்தார்.

இனி என் வகுப்புக் கணக்கு. ஒரு துறைமுகத்துக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 கப்பல்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் வருகை மற்றொன்றைச் சாராது. அப்படியானால் ஒரு நாளில் 4-க்கும் குறைவான கப்பல்கள் வருவதற்கான நிகழ்தகவு என்ன? பாய்சான் பரவல்படி ஏறத்தாழ 0.4335. சரியாக 4 வருவதற்கு 0.1954. சராசரியே 4 என்பதால் பாதி நாள்கள் அதற்குக் கீழே இருக்கும் என்று எண்ணும் மாணவருக்கு இந்த விடை வியப்பளிக்கும். முதல் எண் பாதியை எட்டவில்லை. இரண்டையும் கூட்டினால் பாதியைத் தாண்டிவிடுகிறது. சரியாகப் பாதியைத் தொட, இரண்டாவது எண்ணிலிருந்து எவ்வளவு எடுத்துச் சேர்க்க வேண்டும்? கணக்கிட்டால் 0.34 பங்கு, அதாவது மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்.

இந்தப் பங்கு, சராசரி எந்த முழு எண்ணாக இருந்தாலும், எப்போதும் மூன்றில் ஒன்றுக்கும் இரண்டில் ஒன்றுக்கும் இடையில்தான் இருக்கும் என்று காட்டும்படி 1911-இல் இந்தியக் கணிதச் சங்க இதழில் வினா எழுப்பியவர் ராமானுஜன். அவர் கப்பலையோ நிகழ்தகவையோ குறிப்பிடவில்லை. முடிவிலித் தொடர் ஒன்றின் பாதியைப் பற்றித்தான் கேட்டார். துறைமுக முகவரியிலிருந்து 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், அதே முடிவை இன்னும் நுட்பமாக்கித் தந்திருந்தார். அந்த நுட்பமான வடிவம் முழுமையாக நிறுவப்பட்டது 1995-இல்தான். நிகழ்தகவு குறித்து அவர் ஒரு கட்டுரையும் எழுதியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் அவர் தலையில் ஏற்றும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது.

ஹார்டிக்கு முன் பேக்கர், ஹாப்சன் ஆகிய இருவருக்கும் அவர் எழுதியிருந்தார், பயன் கிட்டவில்லை. ஹார்டி விடையளித்த அந்த பிப்ரவரியிலேயே, வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்திருந்தார். பருவமழையை முன்னறியப் புள்ளியியலின் ஒட்டுறவு முறையைக் கையாண்ட அறிஞர் அவர். ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. எஃப்.ஏ. தேறாதவருக்கு அந்தத் தொகை!

மாணவர்கள் இதை அதிர்ஷ்டம் என்பார்கள். நான் மறுத்ததில்லை; ஆனால் பொருளியல்காரன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை சேர்ப்பேன். நாம் எண்ணுவது கண்டெடுக்கப்பட்டவர்களை மட்டுமே. கடிதத்துக்கு விடை வராமல் எழுத்தர்களாகவே ஓய்வு பெற்றவர்கள் எந்தக் கூறிலும் சேர்வதில்லை. எனவே ராமானுஜன் ஒருவரை வைத்து, திறமை எப்படியும் வெளிவந்துவிடும் என்று முடிவு கட்டுவது பிழையான அனுமானம்.

1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில், தாம் பணிபுரிந்த அதே துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். கேம்பிரிட்ஜில் அவருக்கு வாய்த்த நண்பர்களில் ஒருவர் பிரசந்த சந்திர மகலனோபிஸ். பின்னாளில் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர். இதழ் ஒன்றில் வந்த வீட்டு எண் புதிரை அவர் படித்துச் சொல்ல, அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த ராமானுஜன் ஒரு விடையை அல்ல, எல்லா விடைகளையும் தரும் தொடர் பின்னத்தையே சொன்னாராம்.

1917-இல் ஹார்டியும் ராமானுஜனும் வெளியிட்ட ஒரு தேற்றம் நிகழ்தகவுக்கு இன்னும் நெருக்கமானது. ஓர் எண் 2-ஆல் வகுபட வாய்ப்பு இரண்டில் ஒன்று, 3-ஆல் வகுபட மூன்றில் ஒன்று, இரண்டாலும் வகுபட ஆறில் ஒன்று. முதல் 600 எண்களில் எண்ணிப் பார்த்தால் 300, 200, 100. சாராத நிகழ்ச்சிகளின் பெருக்கல் விதியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பகடையை நான் கண்டதில்லை. பெரிய எண்களில் பெரும்பாலானவற்றுக்கு எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. ஒரு கோடியை ஒட்டிய எண்களுக்கு ஏறத்தாழ மூன்று. அவ்வளவு குறைவு. 1934-இல் ஹங்கேரியின் துரான் இதை எளிய வழியில் நிறுவினார். 1939-இல் எர்டிஷும் காட்சும் அந்த எண்ணிக்கை மணி வடிவ இயல்நிலைப் பரவலை நோக்கிச் செல்வதைக் கண்டறிந்தார்கள். நிகழ்தகவு எண்ணியல் என்ற துறை இதிலிருந்து கிளைத்தது.

அதற்குள் அவர் உடல் தளர்ந்துவிட்டது. போர்க்காலக் குளிரும் உணவுத் தட்டுப்பாடும் நோயும் சேர்ந்துகொண்டன. 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர் என்ற பெருமைகள் வந்தபோது பெரும்பாலும் மருத்துவமனைகளில் இருந்தார். 1919-இல் தாயகம் திரும்பினார். 1920 ஜனவரியில் புதுவகைச் சார்புகளைக் கண்டிருப்பதாக ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

இளம் வயதிலேயே கைம்பெண்ணான ஜானகி அம்மாள் தையல் கற்று, திருவல்லிக்கேணியில் பல்லாண்டுகள் அதைக்கொண்டு வாழ்ந்தார், 1994-இல் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, முத்தியால்பேட்டை உயர்நிலைப்பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் ராமானுஜனுக்காக ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தோர் நினைவுகளையும் வீடு வீடாகத் தேடித் திரட்டி 1968-இலேயே நூலாக்கியவர் அவர். அருங்காட்சியகம் அமைந்த இடம் ராயபுரம். என் மாணவர்களில் பலர் அந்தத் தெருவைக் கடந்துதான் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்தார்கள்.