கோட்டைக்குள் ஒரு மாளிகை

மூதூர் இறங்குதுறையில் நின்றால் கொட்டியாரக் குடாவின் அக்கரையில் திருகோணமலைக் குன்றுகள் தெரியும். அங்குள்ள பிரெட்ரிக் கோட்டைக்குச் சுற்றுலா சென்ற மாணவிகள் பலர் மான்களைப் பார்த்து மகிழ்ந்திருப்பீர்கள். கோணேசர் கோயிலுக்கு ஏறும் அந்தக் கோட்டைக்குள்ளே ஐரோப்பியப் பாணியில் ஒரு பழைய மாளிகையும் நிற்கிறது. அதை நின்று கவனித்தவர்கள் சிலராகத்தான் இருப்பர். அதன் பெயர் வெலஸ்லி மாளிகை.

பழைய கோணேசர் ஆலயத்தை இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக் கொண்டு 1620களில் கட்டிய கோட்டை இது. ஒல்லாந்தர் அதைத் திருத்திக் கட்டினர். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். சில ஆண்டுகளின் பின் அங்கு வந்து தங்கிய ஓர் இளம் படை அதிகாரியின் பெயரே மாளிகைக்கு நிலைத்தது.

ஆர்தர் வெலஸ்லி 1769இல் அயர்லாந்தில் பிறந்தார். பன்னிரண்டு வயதளவில் தந்தையை இழந்தார். ஈட்டன் பாடசாலையில் அவர் பிரகாசிக்கவில்லை. வயலின் வாசிப்பதிலேயே நாட்டம். இந்தப் பிள்ளை எதற்கும் உதவாது என்று தாயாரே கவலைப்பட்டார். 1793இல் அவர் தம் வயலின்களைத் தாமே தீயிலிட்டுவிட்டு, படைத் தொழிலில் முழுமூச்சாக இறங்கினார்.

1797இல் இந்தியா வந்தார். அடுத்த ஆண்டு அவருடைய அண்ணன் ரிச்சர்ட் ஆளுநர் நாயகமானார். 1799 மே 4ஆம் திகதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் தம் கோட்டையைக் காத்துப் போரிட்டு ஷஹீதானார். வெலஸ்லி நின்றது அவருக்கு எதிரான அணியில் என்பதை நாம் மறப்பதற்கில்லை. கோட்டைக்குள் பாய்ந்த படையை நடத்தியவர் ஜெனரல் பெயார்ட். ஆனால் வீழ்ந்த நகரின் பொறுப்பு வெலஸ்லியின் கைக்குப் போனது. அண்ணனின் செல்வாக்கு தம்பிக்கு உதவியது என்று பெயார்ட் மனம் கசந்தார்.

1800ஆம் ஆண்டின் இறுதியில், கடல் கடந்த படையெடுப்பு ஒன்றுக்காகத் திருகோணமலையில் துருப்புகள் திரட்டப்பட்டன. அவற்றின் தலைமை வெலஸ்லிக்குக் கிடைத்தது. ஆசையோடு ஆயத்தங்கள் செய்தார். ஆனால் படையை எகிப்துக்கு அனுப்ப முடிவானதும், தலைமை அவரிடமிருந்து எடுக்கப்பட்டு அதே பெயார்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அண்ணன் அரசாண்ட காலத்திலேயே இப்படி நடந்தது அவரைப் பெரிதும் வருத்தியது. பம்பாய் சென்றவர், இரண்டாம் நிலையில் போகவும் இணங்கினார். அங்கே காய்ச்சலும் தோல் நோயும் அவரைப் படுக்கையில் தள்ளின. படை அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டது. அவர் ஏறவிருந்த கப்பல் செங்கடலில் எல்லோரோடும் மூழ்கிப் போனது.

பதவி போனதையும் நோய் வந்ததையும் எண்ணி நொந்தவருக்கு, அந்த நோயே உயிரைக் காத்த அரணாயிற்று. 1803இல் அசாயேப் போரில் மராட்டியரை வென்றார். 1805இல் ஊர் திரும்பும் வழியில் சென்ட் ஹெலினா தீவில் தங்கினார். பத்தாண்டுகளின் பின் அதே தீவுக்குக் கைதியாக வந்தவர் நெப்போலியன். 1815 ஜூன் 18இல் வோட்டர்லூவில் அவரைத் தோற்கடித்த படைத்தலைவர்களுள் முதன்மையானவர் வெலிங்டன் கோமகன் ஆகிவிட்ட வெலஸ்லியே. பின்னர் பிரித்தானியாவின் பிரதமரானார். 1829இல், தம் கட்சிக்குள் எழுந்த கடும் எதிர்ப்பையும் மீறி, கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமையைச் சட்டமாக்கினார். 1852இல் வோல்மர் கோட்டையில் காலமானார். இளமையில் கோட்டைக்குள் ஒரு வீட்டில் தங்கியவருக்கு இறுதி மூச்சும் கோட்டைக்குள் ஒரு வீட்டிலேயே பிரிந்தது.

அவர் நம் மண்ணை ஆள வந்த அந்நியர். போற்றிப் பாடவேண்டிய கடமை நமக்கில்லை. எனினும் அவருடைய வாழ்விலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பரீட்சைப் பெறுபேறு கைநழுவும்போதும், விரும்பிய துறை வேறொருவருக்குப் போகும்போதும் நமக்கு எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். நாம் வெறுக்கும் ஒன்றில் நன்மை இருக்கக்கூடும் என்பது நமது மார்க்கம் சொல்லித் தந்த பாடம். அல்லாஹ் அறிந்ததை நாம் அறியோம். பெற்றோரும் இதை நினைவில் கொள்வது நல்லது. வயலினோடு திரிந்த பிள்ளையின் வருங்காலத்தை அவரைப் பெற்ற தாயாலும் கணிக்க முடியவில்லை.

அடுத்த முறை அக்கரைக் கோட்டைக்குப் போனால், மான்களைப் பார்த்த பின் அந்த மாளிகையையும் சற்று நின்று பாருங்கள்.