143 நாளில் ஒரு ஜெட் விமானம்!

பத்து பேர் சேர்ந்து செய்யற வேலை ஏன் சீக்கிரம் முடிய மாட்டேங்குது? கண்காட்சி சமயத்தில் நாம பார்க்காததா! நாலு பேர் அட்டை வெட்டுவாங்க, ஆறு பேர் யோசனை சொல்லுவாங்க. இதுக்கு நேர் எதிராக வேலை வாங்கிய ஒரு விமானப் பொறியாளரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கெல்லி ஜான்சன் 1910 பிப்ரவரி 27 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். ஸ்வீடனிலிருந்து வந்து குடியேறிய ஏழைக் குடும்பம். 13 வயசுலேயே விமானம் வரைந்து பரிசு வாங்கினார். 1933-ல் லாக்ஹீட் விமானக் கம்பெனியில் சேர்ந்தார். சேர்ந்ததும் என்ன செய்தார் தெரியுமா? கம்பெனி தயாரிக்கப் போற புது விமானம் நிலையாகப் பறக்காதுன்னு மேலதிகாரிகளிடமே சொல்லிவிட்டார்! அவங்க கோபப்படாமல் அவரையே சரி செய்யச் சொன்னது பெரிய விஷயம். காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்து திரும்பத் திரும்ப சோதித்து, இரட்டை வால் வைத்துச் சரி செய்தார்.

1943-ல் இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தது. ஜெர்மனி ஜெட் போர் விமானம் செய்கிறது என்று தெரிந்து, அமெரிக்க ராணுவம் லாக்ஹீடிடம் ஒரு ஜெட் கேட்டது. 180 நாளில் தருவதாக கெல்லி ஒப்புக்கொண்டார். ஆனால் தொழிற்சாலையில் இடமே இல்லை! பழைய மரப்பெட்டிப் பலகைகளில் சுவர் எழுப்பி, மேலே சர்க்கஸ் கூடாரத்தை வாடகைக்கு எடுத்துப் போட்டார்கள். பக்கத்து பிளாஸ்டிக் தொழிற்சாலை நாற்றம் தாங்காமல், காமிக்ஸ் கதையில் வரும் ஒரு நாறும் இடத்தின் பெயரையே கிண்டலாக வைத்தார்கள். அதுதான் பிறகு ‘ஸ்கங்க் ஒர்க்ஸ்’ ஆனது.

பொறியாளர்கள் முப்பது பேர்கூட இல்லை. வரைகிறவர் பக்கத்திலேயே செய்கிறவர். சந்தேகம்னா கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கி, காத்திருக்க வேண்டாம். எழுந்து போய் கேட்டால் போதும். வரைபடமும் எளிமையாக இருக்கும், உடனே மாத்தலாம். 143 நாளில் விமானம் தயார்! 1944 ஜனவரி 8 அன்று மைலோ பர்ச்சம் அதை ஓட்டிக் காட்டினார்.

ஆனா ஒண்ணு, இதையும் சொல்லணும். அதே 1944 அக்டோபரில், அந்த ரகத்தின் அடுத்த விமானம் ஒன்றைச் சோதிக்கும்போது எரிபொருள் பம்ப் நின்றுபோய் பர்ச்சம் இறந்தார். புதிதாக வைத்த அவசர பம்பைப் பற்றி அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லையாம். எவ்வளவு பெரிய கொடுமை!

கெல்லி பிற்காலத்தில் எழுதி வைத்த 14 விதிகளில், ஆட்களைக் கண்டிப்பாகக் குறைக்கணும்னு ஒரு விதி. அறிக்கைகள் குறைவாக இருக்கட்டும், ஆனால் முக்கியமான வேலையை முழுசா பதிவு செய்யணும்னு இன்னொன்று. முதல் பாதியைத்தான் எல்லாரும் ஞாபகம் வைக்கிறாங்க. எனக்கு இரண்டாம் பாதிதான் முக்கியமாகப் படுது.

யு-2 உளவு விமானத்தை 1955-ல் சுமார் எட்டே மாதத்தில் பறக்க விட்டார். மிச்சமான பணத்தை அரசாங்கத்திடமே திருப்பிக் கொடுத்தார்கள்! இன்னொரு தடவை, ஹைட்ரஜனில் பறக்கும் விமானம் நினைச்ச தூரம் போகாதுன்னு தெரிந்ததும், திட்டத்தை நிறுத்தச் சொல்லி அவரே கேட்டார். கையில் இருக்கிற வேலையை வேண்டாம்னு சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

அவருடைய குழுவின் எஸ்.ஆர்.-71 விமானம் 1976-ல் மணிக்கு 3,529 கி.மீ. வேகத்தில் பறந்து உலக சாதனை செய்தது. 1990 டிசம்பர் 21-ல் கெல்லி காலமானார். அதே ஆண்டு மார்ச்சில், ஒரு எஸ்.ஆர்.-71 லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வாஷிங்டனுக்கு 64 நிமிஷத்தில் பறந்து, நேராக மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது!